கலவைக் கல்லூரியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(நம் பங்கின் யூபிலி விழாவை ஒட்டி நடந்த கல்வி மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி விழா என்றால் கோவிலின் வரலாற்றைப் பேசுவதே வழக்கம். கொடிமரம் யார் காலத்தில் எழுந்தது, மணி யார் கொடுத்தது, பீடம் எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பவையெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் இடம் பெறுகின்றன. விழாக் குழுவினர் நம்மிடம் வந்து, “கல்வியைப் பற்றிப் பேசுங்கள் சாமி” என்று கேட்டபோது, மறைமாவட்டப் பள்ளிகளின் பெருமையைத்தான் பேசுவோம் என்று எண்ணியிருப்பார்கள். அப்பெருமையைப் பேச ஆட்கள் பலர் உண்டு. நாம் இன்று ஓர் அரசுப் பள்ளியைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். பாஸ்கா காலத்தில் வீடு மந்திரிக்கச் செல்லும்போது பிள்ளைகளை அழைத்து, எந்தப் பள்ளியில் படிக்கிறாய் என்று கேட்பது நம் வழக்கம். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், பிள்ளை வாய் திறக்குமுன்னே தாய் பதில் சொல்லிவிடுகிறாள். அரசுப் பள்ளி என்றால் வீட்டில் சற்று நேரம் அமைதி. பிறகு, “கவர்மெண்டு ஸ்கூல்தான் சாமி” என்று தாழ்ந்த குரலில் ஒரு பதில் வருகிறது. அந்த ‘தான்’ என்ற சொல் நம்மை உறுத்துகிறது. ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் அல்லவா சொல்லுகிறார்கள்! இந்த ஊரில் அரசுப் பள்ளி எப்படி வந்தது, யாருக்காக வந்தது, அதில் யார் படித்தார்கள் என்று தெரிந்திருந்தால் அந்தச் சொல் அங்கே வந்திருக்காது.

புதுவையில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கல்வி எல்லாருக்கும் ஒரே வாசல் வழியாக வரவில்லை. 1826-ல் ஆளுநராக வந்த தெபசேன் தெ ரிஷ்மோன் பிரபு சுறுசுறுப்பான மனிதர். தாவரப் பூங்காவும், இன்று ரொமேன் ரோலான் பெயரைத் தாங்கி நிற்கும் பொது நூலகமும் அவர் காலத்தவை. அவ்வாண்டிலேயே ‘கொலேழ் ருவயால்’ என்ற அரசுக் கல்லூரியையும் நிறுவினார். கடற்கரைப் பக்கம் இன்றும் நடக்கும் பிரெஞ்சு லிசேயின் தொடக்கம் அதுவே. ஆனால் அது வெள்ளையர் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. அதிலும் சாதி இந்துக்களுக்கு ஒன்று, தாழ்த்தப்பட்டவர்களுக்கு மற்றொன்று. ஊருக்கு நடுவே ஓடும் பெரிய வாய்க்கால் ‘வெள்ளை நகர்’, ‘கறுப்பு நகர்’ என்று இரண்டாகப் பிரித்ததுபோல், பாடப் பலகையும் பிரிந்தே கிடந்தது.

இதைச் சொல்லும்போது நம் வீட்டுக் கதையையும் மறைக்கக் கூடாது. சம்பாக் கோவிலுக்குள்ளேயே தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைத் தனியே நிறுத்த ஒரு சுவர் இருந்ததையும், அவர்கள் திரண்டு சென்று முறையிட்டபின் அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டவருடைய இல்லத்திலேயே சுவர் கட்டியவர்கள் பள்ளிக்கூடத்தில் கட்டாமல் இருப்பார்களா?

நம் திருச்சபை கல்விக்குச் செய்ததும் சிறிதன்று. 1844-ல் பொன்னாந்து ஆண்டகை புதுச்சேரியில் கூட்டிய சங்கம் நாட்டுக் குருக்களை உருவாக்கவும் பள்ளிகளைத் திறக்கவும் வழி செய்தது. பெத்தி செமினேர் பள்ளி பிறந்தது அவ்வாண்டில்தான். ‘சிறு குருமடம்’ என்பதே அப்பெயரின் பொருள். ஆயினும் அங்கே படித்துக் குருவானவர்களைவிட வக்கீலாகவும் குமாஸ்தாவாகவும் போனவர்களே மிகுதி என்பது ஊரறிந்த செய்தி. துய்ப்புய்சு சுவாமிகள் பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கவென்றே மரியாயின் மாசற்ற இருதய சபைக் கன்னியரைத் தோற்றுவித்ததும் அதே ஆண்டு. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

இனி நம் கதைக்கு வருவோம். 1870-களில் புதுவைத் தமிழர்களிடையே ஒரு புதிய விழிப்பு உண்டாயிற்று. 1871 முதல் பாரீஸ் மக்களவைக்கு இங்கிருந்து ஓர் உறுப்பினரை அனுப்பும் உரிமை வந்தது. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் காலில் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். அவர் விடவில்லை. பாரீசிலுள்ள உயர் நீதிமன்றம் வரை சென்று வென்று வந்தார். செருப்புப் போட்டுக்கொள்ளும் உரிமைக்காக ஒரு மனிதன் ஏழு கடல் தாண்டி வழக்காட வேண்டியிருந்த காலம் என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தக் காலத்தில்தான் கலவை சுப்பராயச் செட்டியார் என்ற வணிகப் பெருமகன், தமிழ்ப் பிள்ளைகளுக்கும் உயர்ந்த படிப்பு வேண்டும் என்று தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, மிசியோன் வீதியில் ஒரு பள்ளியை நிறுவினார். பிரெஞ்சுக்காரர் நாவில் கலவை ‘கல்வே’ ஆயிற்று. பள்ளியும் ‘கொலேழ் கல்வே’ ஆயிற்று. நம் மக்களுக்கு அது என்றும் கலவைக் கல்லூரிதான். கல்லூரி என்றால் இன்றைய பட்டக் கல்லூரி என்று எண்ண வேண்டா. பிரெஞ்சு முறையில் ‘கொலேழ்’ என்பது உயர்நிலைப் பள்ளியைக் குறிக்கும். உயர்ந்த தூண்களும், வளைவுகளும், கதவுக்கு மேலே வண்ணக் கண்ணாடிகளுமாக எழுந்த அக்கட்டடத்தைப் பார்த்தால், தமிழன் வீட்டுப் பிள்ளை படிக்கும் இடம் வெள்ளையன் வீட்டுப் பிள்ளை படிக்கும் இடத்துக்கு ஒரு முழமும் குறையக் கூடாது என்று செட்டியார் நினைத்திருக்கிறார் என்றே நமக்குத் தோன்றுகிறது. பேராலயம் இருக்கும் அதே வீதியில்தான் அந்தப் பள்ளியும் இருக்கிறது. பெரிய திருவிழாவுக்குப் போகிறவர்கள் பலமுறை அதைக் கடந்து போயிருப்பீர்கள். இனிப் போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

ஆனால் பள்ளி கட்டியது மட்டும் பெரிய காரியம் என்று நாம் சொல்ல மாட்டோம். பணமுள்ளவர்கள் சத்திரம் கட்டுவதும் குளம் வெட்டுவதும் நம் நாட்டில் என்றும் உண்டு. கட்டிய பள்ளி 1880-களில் அரசின் பொறுப்புக்கு வந்ததே, அதைத்தான் நாம் பெரிதாக எண்ணுகிறோம். ஒருவருடைய தருமமாக இருக்கும்வரை, உள்ளே வருகிற பிள்ளை நன்றியோடு வர வேண்டும். வாசலில் நிற்பவர் முகத்தைப் பார்த்து வர வேண்டும். பொதுவுக்கு வந்துவிட்டால் பிள்ளை உரிமையோடு வரலாம். பிரான்சு நாட்டிலும் ஏறக்குறைய அதே காலத்தில்தான், 1881-ல் தொடக்கக் கல்வி இலவசம் என்றும், 1882-ல் கட்டாயம் என்றும் சட்டம் ஆனது. இலவசம் என்ற சொல்லை இன்று மலிவு என்று பொருள் கொள்ளுகிறோம். அன்று அதற்குப் பொருள் வேறு: யாரும் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பதே.

அந்தப் பள்ளியில் படித்தவர்களில் இருவரை மட்டும் சொல்லுகிறோம்.

1891-ல் பிறந்த சுப்புரத்தினம் என்ற பிள்ளை அங்கே தமிழ் படித்தார். பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊரில், பிரெஞ்சு தெரிந்தவனுக்கே உத்தியோகம் என்றிருந்த காலத்தில், தமிழ் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் முறையாகக் கற்றுத் தேர்வு எழுத ஓர் அரசுப் பள்ளி இடம் கொடுத்தது. 1909-ல், பதினெட்டு வயதில், காரைக்காலை அடுத்த நிரவியில் அரசுப் பள்ளித் தமிழாசிரியர் ஆனார். அதற்கு முந்தின ஆண்டு புதுவைக்கு வந்து சேர்ந்திருந்த பாரதியாரிடம் பற்றுக்கொண்டு ‘பாரதிதாசன்’ ஆனதையும், பாவேந்தர் என்று உலகம் புகழ்ந்ததையும் நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1946-ல் ஓய்வு பெறும்வரை முப்பத்தேழு ஆண்டுகள் அவர் அரசுப் பள்ளி வாத்தியாராகவே இருந்தார் என்பதை மறந்துவிடுகிறோம். ஊர் ஊராக மாற்றல், கரும்பலகை, சுண்ணாம்புக் கட்டி, ‘அ’ எழுதத் தெரியாத பிள்ளைகள். கவிதையெல்லாம் இவற்றுக்கு நடுவே எழுதியதுதான். சமயத்தைப் பற்றி அவர் எழுதியவை பலவற்றோடு நமக்கு உடன்பாடில்லை. அதனால் என்ன? ஏழைப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த வாத்தியார் நமக்கும் வாத்தியாரே.

மற்றொருவர் 1911-ல் பிறந்த வ. சுப்பையா. நம் பெத்தி செமினேரிலும் படித்தவர், கலவைக் கல்லூரியிலும் படித்தவர். ஆலைத் தொழிலாளர்களுக்குத் தலைவராகி, 1936 ஜூலை 30-ல் பன்னிரண்டு தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட அந்தக் கொடுமைக்குப் பின்னும் தளராமல் நின்று, எட்டு மணி நேர வேலை என்ற உரிமையைப் பெறப் பாடுபட்டவர். நம் பங்கிலும் ஆலைச் சங்கு கேட்டு எழுந்த குடும்பங்கள் பல உண்டல்லவா? அவர்கள் வீட்டில் எட்டு மணி நேரத்துக்குப் பின் தகப்பன் வீட்டுக்கு வந்தான் என்றால், அதில் ஒரு பழைய மாணவனின் உழைப்பும் இருக்கிறது.

இனி மாணவர் வாழ்க்கை எப்படி இருந்தது என்று பார்ப்போம். இதை நாம் புத்தகத்தில் தேடவில்லை. நம் பங்கின் மூத்தவர் ஒருவர், எண்பத்தைந்தைக் கடந்தவர், திருப்பலிக்குப் பின் வேப்பமர நிழலில் உட்கார்ந்து நமக்குச் சொன்னது.

ரெட்டியார்பாளையத்திலிருந்து மிசியோன் வீதிக்கு நாலு கிலோமீட்டர் அளவு இருக்கும். அன்று இடையில் தோப்பும் வயலும்தான். இரண்டு பேருக்கு ஒரு சைக்கிள். போகும்போது ஒருவர் மிதிக்க வேண்டும், வரும்போது மற்றவர். மழைக் காலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்ததும் உண்டாம். தூக்குச் சட்டியில் பழைய சோறு. சோறு கொண்டு வர முடியாத சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். அதை அரசு அறியாமல் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கும் ஏற்பாடு புதுவையில் 1930-லேயே பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிவிட்டது. காமராசர் தமிழ்நாட்டில் அதைப் பெரிய அளவில் நடத்தியது 1956-க்குப் பிறகு. பக்கத்து நாட்டுக்கு முன்னரே நம் ஊரில் அடுப்பு மூட்டியாகிவிட்டது.

ஆசிரியரை ‘முசே’ என்று அழைப்பார்கள். எல்லாவற்றிலும் பெரிய பயம் ‘திக்தே’. ஆசிரியர் பிரெஞ்சில் வாசிக்க, பிள்ளைகள் பிழையில்லாமல் எழுத வேண்டும். செர்த்திபிக்கா தேர்வில் ஐந்து பிழை வந்தால் பூச்சியம். திக்தேயில் பூச்சியம் வாங்கியவன் மற்றப் பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் தேற மாட்டான். எழுத்தில் வரும், வாயில் வராத பிரெஞ்சு எழுத்துகள் எத்தனையோ பிள்ளைகளைக் கவிழ்த்திருக்கின்றன. நாம் குருமடத்தில் பிரெஞ்சுப் புத்தகங்களோடு பட்ட பாட்டை நினைத்தால், பத்து வயதுப் பிள்ளை அதை எழுதினான் என்பதே ஆச்சரியம். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, கடைத்தெருவில் சென்னைப் பக்கத்திலிருந்து வந்த ஆங்கிலம். பதினான்காம் ஜூலை வந்தால் மட்டும் கொண்டாட்டம்: கொடி, அணிவகுப்பு, மிட்டாய்.

நாடு விடுதலை அடையப் போராடியபோது பிரெஞ்சிந்திய மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் முதல் நாள் கொடி மாறிற்று. நம் சகல பரிசுத்தவான்கள் திருநாளும் அதுவே. பெரியவர் காலையில் பூசை கண்டு, பிறகு ஓடிப்போய்க் கொடி மாறியதைப் பார்த்தாராம்.

“கொடி மாறினபோது சந்தோஷமாகக் கைதட்டினேன் சாமி. புத்தகமும் மாறும் என்று யார் கண்டது?” என்றார். பிரெவே தேர்வை நோக்கிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை அவர். பிரெஞ்சில் கணக்குக் கற்றவன், பிரெஞ்சில் பூகோளம் கற்றவன். இனி எதிர்காலம் ஆங்கிலத்திலும் தமிழிலும் என்றானபோது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தனி வாத்தியார் வைத்துக்கொண்டார்கள், அல்லது பிரெஞ்சுப் படிப்பைத் தொடர லிசேக்குப் போனார்கள். இவர் இரண்டு வகுப்புக் கீழே உட்கார்ந்து மீண்டும் தொடங்கினார். மீசை முளைத்தபின் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வெட்கப்பட்டு நின்றுவிட்டார், ஆலைக்குப் போனார். விடுதலையை அவர் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. மாற்றம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் மாற்றத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை நாம் பார்க்க வேண்டும். வீட்டில் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாத பிள்ளையின் தலையில் அல்லவா விழுகிறது!

அதற்குப் பின் கலவைக் கல்லூரி வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்று அரசு மேனிலைப் பள்ளி ஆயிற்று. கப்பலோட்டிய தமிழரின் பெயர் பெருமைக்குரியதே. ஆனாலும் செட்டியார் பெயர் பிள்ளைகள் வாயிலிருந்து மறைவதில் நமக்கு வருத்தம் உண்டு. அவர் பெயரைத் தாங்கிய வீதி, வைசியாள் வீதி என்றும் சொல்வார்களே, அதன் பழைய வீடுகளைப் புதுப்பித்ததற்காக 2008-ல் யுனெஸ்கோவின் விருது கிடைத்தது. வெளிநாட்டார் வந்து படம் எடுக்கிறார்கள். வீதியின் பெயர் யாருடையது என்று அவர்கள் கேட்டால் நம் பிள்ளைக்குப் பதில் தெரிய வேண்டாமா?

பாடத்திட்டம் மறுபடியும் மறுபடியும் மாறிற்று. எஸ்.எஸ்.எல்.சி. வந்தது, பிறகு பிளஸ் டூ வந்தது. இப்போது 2023-24-ல் நம் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையும், பதினோராம் வகுப்பிலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் வந்தது, அடுத்த ஆண்டு பத்தும் பன்னிரண்டும். 2025-ல் நம் பிள்ளைகள் முதன்முறையாக அந்தப் பொதுத் தேர்வை எழுதினார்கள். அகில இந்தியத் தேர்வுகளுக்கு இது உதவும் என்கிறார்கள், உதவட்டும். 2023 முதல் புதுவையில் மருத்துவப் படிப்பின் அரசு ஒதுக்கீட்டு இடங்களில் பத்து விழுக்காடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்று கிடைத்திருப்பதும் உண்மையான நன்மை. பெற்றோர் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை என்பதால் அழுத்திச் சொல்லுகிறோம்.

ஆனால் எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்த ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலப் புத்தகத்தோடு உட்கார்ந்தபோது என்ன நடந்தது? அப்படி ஒரு மாணவி நம் பங்கில் உண்டு. தகப்பனார் சாயம் பூசும் வேலை செய்கிறார். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று கேட்டோம். இலை, வெயில், தண்ணீர், காற்று என்று அழகாக விளக்கினாள். பிறகு புத்தகத்தைத் திறந்து அதே பாடத்தைக் காட்டினோம். தலையைக் குனிந்துகொண்டாள். அறிவு இருக்கிறது, அறிவைத் திறக்கும் சாவியை யாரோ மாற்றிவிட்டார்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன் வேப்பமரத்தடிப் பெரியவருக்கு நடந்ததே இந்தப் பெண்ணுக்கும் நடக்கிறது. அவருக்கு அன்று கைகொடுக்க யாரும் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு, “அதனால்தான் சாமி, கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்க்கிறோம்” என்று சிலர் சொல்லக் கூடும். சேர்க்கட்டும், அது அவரவர் விருப்பம். ஆனால் தாலியை அடகு வைத்து மூன்று பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டி, நாலாம் ஆண்டில் கட்ட முடியாமல், பெரியவனைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பிய வீடுகளை நாம் அறிவோம். பேச்சுத் திறமையும் செல்வாக்கும் உள்ளவர்களெல்லாம் அரசுப் பள்ளியை விட்டு வெளியேறிவிட்டால், அங்கே கழிப்பறை பழுதானால் கேட்க யார் இருப்பார்கள்? ஆசிரியர் இடம் காலியானால் மனுக் கொடுக்க யார் போவார்கள்? பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு நம் பங்கிலிருந்து எத்தனை பேர் போகிறீர்கள் என்று சென்ற மாதம் அன்பியக் கூட்டங்களில் கேட்டுப் பார்த்தோம். ஒரு கை விரல்களே போதுமானதாக இருந்தன. நம் சபைப் பள்ளிகளின் விழா என்றால் நாற்காலி போதாமல் போகிறது. அரசுப் பள்ளியும் நம் வரிப் பணத்தில், நம் பிள்ளைகளுக்காக நடக்கும் பள்ளிதானே? அதில் படிக்கும் பிற சமயத்துப் பிள்ளைகளும் நம் ஊர்ப் பிள்ளைகளே.

ஆகவே பங்குப் பேரவையோடு கலந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வருகிற திங்கள் முதல் வெள்ளிவரை, மாலை ஆறு மணி முதல் எட்டு மணிவரை, மறைக்கல்வி மண்டபம் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் திறந்திருக்கும். எந்தச் சமயமானாலும் வரலாம், கட்டணம் இல்லை. ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் முதலில். கணக்குக்கு இருவர் முன்வந்திருக்கிறார்கள். அறிவியலைத் தமிழில் சொல்லி, ஆங்கிலச் சொல்லுக்குக் கைபிடித்து அழைத்துப் போகக் கூடியவர்கள் தேவை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம் பங்கில் பதினைந்து பேராவது இருப்பார்கள். கல்லூரியில் படிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். வேப்பமரத்தடிப் பெரியவர் தினமும் வந்து வாசலில் வருகைப் பதிவு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பிரெஞ்சில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பாராம், கேட்பவர் இருந்தால்.

மண்டபத்தில் இரண்டு மின்விசிறிதான் ஓடுகின்றன, மூன்றாவது சத்தம் மட்டும் போடுகிறது. பெஞ்சுகள் பத்து குறைகின்றன. இரவு எட்டு மணிக்குப் பெண் பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விட இரண்டு தாய்மார் அணி வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்றைய கூட்டம் முடிந்ததும் சக்ரீஸ்துவிலுள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம். பேனா கட்டி வைத்திருக்கிறோம்.